சுங்கை சிப்புட்டிலிருந்து திருச்சிக்கு: டிக்கெட் காட்டும் நேரமும் உடம்பு படும் நேரமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். எழுபத்திரண்டு வயது அம்மாவை முதன்முறையாகத் திருச்சிக்குக் கூட்டிப் போகிறார்கள். போகும்போது இரவு 9.00க்குக் கிளம்பி 10.25க்கு இறங்குவதாகவும், வரும்போது இரவு 11.10க்குக் கிளம்பி விடியற்காலை 5.35க்கு இறங்குவதாகவும் டிக்கெட்டில் போட்டிருக்கிறது. "போக ஒன்றரை மணி நேரம், வர ஆறரை மணி நேரமா? உண்மையில் தூரம் எவ்வளவு? இரண்டு நாட்டுக்கும் ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம் என்று அம்மா சாதிக்கிறார், போன் இரண்டரை என்கிறது. பினாங்கிலிருந்து போனால் கிட்டவா? எங்கள் பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். அந்தக் கரையை மேலிருந்து பார்க்க முடியுமா என்று அம்மா கேட்கிறார்." இவ்வளவும் அவர் கேட்டவை.

சுங்கை சிப்புட் பட்டணத்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் குறைவு. நீங்கள் கேட்டதில் ஒரு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. அது உங்களுக்கே தெரிந்திருக்காது. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன், தங்கச்சி. கொஞ்சம் நீளும்.

முதலில் தூரம். சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர். இது பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம். உருண்டையான ஒரு பூசணிக்காயின் மேல் இரண்டு புள்ளி வைத்து, நூலை இழுத்துப் பிடித்தால் நூல் எப்படிப் படியுமோ அப்படி. விமானம் அந்த நூலின் மேலேயே அச்சாகப் போகாது. கிளம்பும் ஓடுபாதை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, வானத்தில் வகுத்திருக்கும் தடம் எது, நடுவில் இடிமேகம் இருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும். 2,700, 2,750 என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வது அதனால்தான். எல்லாமே சரியான கணக்குகள்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர். அதாவது திருச்சியைவிடச் சென்னை நமக்கு அறுபது கிலோமீட்டர் கிட்ட. திருச்சி தெற்கே இருப்பதால் நமக்குப் பக்கம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, மேற்கே இருக்கிறது.

இன்னொன்று. நம் சுங்கை சிப்புட்டிலிருந்தே நேராக ஒரு கோடு இழுத்தால் திருச்சிக்கு 2,550 கிலோமீட்டர்தான் வரும். நாம் ஏறக்குறைய 290 கிலோமீட்டர் சாலையில் தெற்கே சிப்பாங்குக்குப் போய், அங்கிருந்து ஏறி வடமேற்கே திரும்பிப் பறக்கிறோம். தோட்டத்து மக்களின் விமானப் பயணம் எப்போதும் இப்படித்தான், எதிர்த்திசையில் தொடங்கும்.

இனி பறக்கும் நேரம். இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் மேலே போய் நிலைத்த பிறகு மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கும். 2,690ஐ 830ஆல் வகுத்தால் மூன்றேகால் மணி நேரம். ஆனால் விமானம் கிளம்பியதும் அந்த வேகத்தில் போவதில்லை. வாசலை விட்டுப் பின்னால் தள்ளி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போக ஒரு கால் மணி நேரம். சிப்பாங் பெரிய நிலையம், சில நாள் அதற்கு மேலும் ஆகும். பிறகு உயரம் ஏற இருபது, இருபத்தைந்து நிமிடம். இறங்கத் தொடங்கினால் அரை மணி நேரம் வேகம் குறைந்துகொண்டே வரும். இதையெல்லாம் சேர்த்துத்தான் 3 மணி 50 நிமிடம் முதல் 4 மணி வரை என்று அட்டவணையில் போடுகிறார்கள். வாசலில் சக்கரம் நகர்வதிலிருந்து அடுத்த ஊர் வாசலில் சக்கரம் நிற்கும் வரை உள்ள கணக்கு அது. உண்மையில் தரையை விட்டு மேலே இருப்பது மூன்றரை மணி நேரத்தை ஒட்டி.

காற்றும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பலமான காற்று ஓடும். கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர் 1958இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அந்தக் காற்றின் மிகப் பலமான பகுதி நம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஆனாலும் கீழே அதன் தள்ளுதல் தெரியும். அந்த மாதங்களில் போகும்போது காற்று முதுகில், வரும்போது முகத்தில். மணிக்கு அறுபது கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால் இந்தத் தூரத்துக்குக் கால் மணி நேரம் கூடும். இந்தத் தடத்தில் காற்றால் வரும் ஏற்றஇறக்கம் அவ்வளவுதான்.

அப்படியானால் ஒன்றரை மணி எங்கிருந்து வந்தது, ஆறரை மணி எங்கிருந்து வந்தது? டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி. இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. நம் கடிகாரம் கிரீனிச் நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால். இந்தியக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால். வித்தியாசம் இரண்டரை. நீங்கள் 9.00க்குக் கிளம்பி 3 மணி 55 நிமிடம் பறந்தால் நம் கடிகாரத்தில் 12.55. அதில் இரண்டரையைக் கழித்தால் திருச்சியில் 10.25. வரும்போது 11.10க்குக் கிளம்பி அதே 3 மணி 55 நிமிடம் பறந்தால் திருச்சிக் கணக்கில் பின்னிரவு 3.05. இரண்டரையைக் கூட்டினால் இங்கே 5.35.

இதை நினைவில் வைக்க வேண்டாம், ஒரு எளிய வழி இருக்கிறது. கடையில் வருகிறவர்களுக்கு ஒரு துண்டுத் தாளில் போட்டுக் காட்டுவேன். போகும்போது டிக்கெட்டில் தெரிவது 1 மணி 25 நிமிடம். வரும்போது தெரிவது 6 மணி 25 நிமிடம். இரண்டையும் கூட்டுங்கள், 7 மணி 50 நிமிடம். பாதியாக்குங்கள், 3 மணி 55 நிமிடம். அதுதான் பறக்கும் நேரம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, 5 மணியைப் பாதியாக்குங்கள். இரண்டரை மணி. அதுதான் நாட்டு நேர வித்தியாசம். எந்த இரண்டு ஊருக்கும் இந்தக் கணக்கு ஒத்துவரும். போக வர ஆகும் நேரத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாமல் இருந்தால் போதும்.

அம்மா சொல்வது தப்பில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அவர் சொல்வது அவர் காலத்துக் கணக்கு. 1981 டிசம்பர் 31 வரைக்கும் தீபகற்ப மலேசியாவின் நேரம் கிரீனிச்சைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. அப்போது இந்தியாவுக்கும் நமக்கும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம். சபா, சரவாக் மாநிலங்கள் ஏற்கெனவே 8 மணிக் கணக்கில் இருந்தன. நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்று அன்றிரவு 11.30 ஆனபோது கடிகாரத்தை 12.00க்குத் தள்ளி 1982ஐத் தொடங்கினார்கள். உங்கள் அம்மா அப்போது முப்பதை ஒட்டிய வயதில் இருந்திருப்பார். இந்தியாவிலிருந்து வரும் கடிதத்தையும் வானொலிச் செய்தியையும் அதுவரை ரெண்டு மணி நேரக் கணக்கில் வைத்துப் பழகியவர். அது எப்படி மறக்கும்?

சூரியனைக் கேட்டால் இந்த இரண்டு கணக்குமே அதிகம் என்று சொல்லும். சுங்கை சிப்புட்டுக்கும் திருச்சிக்கும் தீர்க்கரேகையில் 22 பாகைக்குச் சற்றே கூடுதல் வித்தியாசம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். நம் கடிகாரம் நம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேலே முந்தி ஓடுகிறது. அதனால்தான் இங்கே ஏழு மணியைத் தாண்டியும் பால்மரக் காட்டில் இருட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. திருச்சியில் ஆறரைக்கெல்லாம் வெயில் வந்துவிடும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. இங்கே காலை ஐந்து மணிக்கு எழுந்து பழகிய அம்மாவுக்கு அங்கே பின்னிரவு இரண்டரைக்கு முழிப்பு தட்டும். முதல் மூன்று நான்கு நாள் அப்படித்தான் இருக்கும். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

என் அப்பாவை 2009இல் கூட்டிப் போனேன். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில்தான் ஏர் ஆசியா தன் முதல் இந்தியத் தடமாகத் திருச்சியைத் தொடங்கியிருந்தது. அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. விமானம் திருச்சியில் நின்றதும் "கடிகாரத்தைத் திருப்பி வைங்கப்பா" என்றேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மூன்று வாரமும் அந்தக் கடிகாரம் மலேசிய நேரத்திலேயே ஓடியது. மாமா வீட்டுத் திண்ணையில் இருட்டில் உட்கார்ந்து, முள்ளை விளக்கில் சாய்த்துப் பார்த்து, "இப்போ அங்க பெரட்டு நேரம்" என்பார். வேலையை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிடுவதும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கையில் இருக்கும் புத்தகமும், வெட்டுக்கத்தி வாளியில் படும் சத்தமும் அந்தக் கடிகாரத்துக்குள் இருந்தன.

அவர் 1937இல், ஆறு வயதுப் பிள்ளையாக, ராஜுலா கப்பலில் வந்தவர். அடுத்த வருடமே, 1938இல், கூலித் தொழிலாளர்களைப் பயணச் செலவு கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்தியா நிறுத்திவிட்டது. உங்கள் பாட்டி நாகப்பட்டினத்தில் ஏறினார் என்றால் அதே கப்பலாகவும் இருக்கலாம். ராஜுலா 1926இல் கட்டப்பட்டு, 1973 வரைக்கும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி வராது. தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். அந்தப் படகு அலையில் எழுந்து விழுந்ததைத்தான் அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலைப் பற்றி அவ்வளவாகச் சொன்னதில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 2,330 கிலோமீட்டர் கடல். மணிக்கு பன்னிரண்டு கடல்மைல் போகும் கப்பலுக்கு நிற்காமல் ஓடினாலே நான்கரை நாள். பிறகு பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம் வாசம் வேறு. ராஜுலாவுக்குப் பின் சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதன் பிறகு நம்மவர்களுக்கு விமானம் ஒன்றே வழி என்றாகிவிட்டது. அதுவும் வெகுகாலம் சென்னைக்குப் போய், அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ இரவெல்லாம் உட்கார்ந்து திருச்சிக்குப் போன காலம்தான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன்.

திரும்பி வரும் டிக்கெட்டில் 11.10 — 5.35 என்று பார்க்கும்போது உங்கள் வீட்டில் எல்லாரும் என்ன நினைத்திருப்பீர்கள்? "ராத்திரி ஏறினா ஆறு மணி நேரம் தூங்கிடலாம், காலையில இறங்கி நேரா வீட்டுக்குக் கார் ஓட்டிடலாம்." எல்லாக் குடும்பமும் அப்படித்தான் நினைக்கிறது. நானும் நினைத்தேன். ஆனால் அந்த இரவு ஆறரை மணி நேரம் இல்லை, நான்கு மணி நேரம்கூட முழுதாக இல்லை. ஏறி உட்கார்ந்து, பெட்டி வைத்து, விளக்கு அணைத்து, சாப்பாட்டு வண்டி போய் முடிவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். இறங்குவதற்கு அரை மணிக்கு முன்னால் விளக்கைப் போட்டு எழுப்பிவிடுவார்கள். நடுவில் இருப்பது இரண்டு, இரண்டரை மணி நேரம். அதுவும் உட்கார்ந்தபடியே. அதற்கு முன் திருச்சியில் நாள் முழுக்கச் சொந்தக்காரர்களிடம் விடைபெற்று, ஊரிலிருந்து வண்டியில் வந்து, வரிசையில் நின்ற களைப்பு வேறு.

2011இல் நாங்கள் ஐந்து பேர் திரும்பினோம். கார் விமான நிலையத்தில் நிறுத்தியிருந்தது. மச்சான்தான் ஓட்டினார். குடிப்பழக்கம் இல்லாதவர், நிதானமாக ஓட்டுகிறவர். "நல்லாத் தூங்கிட்டேன் மாப்பிள்ளை, நீங்க படுங்க" என்றார். சிலிம் ரிவர் தாண்டியிருக்கும். வெயில் நன்றாக வந்துவிட்டது. சாலை ஓரத்தில் பதித்திருக்கும் அந்த மேடுபள்ளக் கோட்டின் மேல் சக்கரம் ஏறி "டர்ர்ர்" என்று கார் முழுக்க அதிர்ந்தது. நான் கண்ணைத் திறந்தபோது தகரத் தடுப்பு என் சன்னலுக்கு ஒரு முழத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மச்சானின் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அவர் அங்கே இல்லை. அக்கா பின்னாலிருந்து போட்ட சத்தத்தில் திருப்பினார். அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, ஐந்து பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கையில் வாங்கிய தே தாரிக் தேநீரை யாரும் குடிக்கவில்லை.

அன்றிலிருந்து டிக்கெட் வாங்கும் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்கிறேன், திரும்பி வரும்போது யார் ஓட்டுவது? பயணம் போகாத ஒருவர், வீட்டில் படுத்துத் தூங்கிய ஒருவர், வந்து கூட்டிப் போக வேண்டும். தம்பியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, வாடகை வேன் ஓட்டுநரோ. வேனுக்குக் கொடுக்கும் வெள்ளி பெரிதாகத் தெரியலாம். தங்கச்சி, தயவு செய்து அந்தக் காசைப் பார்க்காதீர்கள். ஆள் கிடைக்காவிட்டால் நிலையத்திலேயே பசியாறிவிட்டு, விரைவு ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து இடிஎஸ் என்னும் மின்சார ரயில் ஏறுங்கள். நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு அரை மணி நேரம், சென்ட்ரலிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு மூன்று மணி நேரம் அளவில். நம் பட்டணத்தில் அந்த ரயில் நிற்பது நமக்குப் பெரிய வசதி. தூங்கிக்கொண்டே வரலாம்.

போகும் நாளுக்கு வேறு யோசனை. 9.00 மணி விமானத்துக்கு 6.00 மணிக்குள் நிலையத்தில் இருங்கள். அனைத்துலகப் பயணத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பெட்டி போடும் முகப்பை மூடிவிடுவார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து நான்கு மணி நேரம் என்று வைத்தாலும், கோலாலம்பூரைச் சுற்றி மாலை நெரிசலில் மாட்டினால் ஐந்து ஆகும். வெள்ளிக்கிழமை என்றால் சொல்லவே வேண்டாம். பகல் 12.00க்கே கிளம்பிவிடுங்கள். அம்மாவோடு, பெட்டிகளோடு ரயில் மாறி மாறிப் போவதைவிடப் போகும்போது வேன்தான் நல்லது. தாப்பாவில் ஒரு முறை நிறுத்தி அவரை நடக்கவிடுங்கள். எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் இன்றே பாருங்கள். ஏர் ஆசியா இரண்டாம் முனையத்திலிருந்து போகிறது, பாத்தேக் ஏர் ஒன்றாம் முனையத்திலிருந்து. தப்பான முனையத்தில் இறங்கினால் வயதானவரை வைத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

திருச்சியில் 10.25க்கு இறங்கினாலும் வெளியே வர 11.30 ஆகும். 2024இல் திறந்த புது முனையம் விசாலமாக இருக்கிறது. முன்பு போல நெருக்கியடித்து நிற்பதில்லை. ஆனாலும் குடிநுழைவுச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் இருக்கின்றன. உங்கள் ஊர் நாமக்கல் பக்கமோ தஞ்சைப் பக்கமோ என்றால் வீடு போய்ச் சேரும்போது அங்கே பின்னிரவு இரண்டு மணி ஆகிவிடும். கணக்குப் பார்த்தால், தோட்டத்து வாசலிலிருந்து ஊர் வாசலுக்குப் பதினாறரை மணி நேரம். அதில் பறப்பது நான்கு. அம்மாவிடம் "நாலு மணி நேரம்தாம்மா" என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். பதினாறு மணி நேரத்துக்கு உண்டான மாத்திரை, சாப்பாடு, மாற்றுத்துணி எல்லாம் கையோடு இருக்கும் பையில் வையுங்கள். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ இருந்தால், இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் எப்படி எடுப்பது என்று கிளினிக்கில் முன்பே கேட்டுவிடுங்கள். மருந்து எதையும் கீழே போகும் பெட்டியில் போட வேண்டாம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட்டோடு சேர்த்தே பதிந்துவிடுங்கள். நடக்க முடிகிறவராக இருந்தாலும் பதியுங்கள் என்பேன். சிப்பாங்கில் முகப்பிலிருந்து விமான வாசலுக்கு நடக்கும் தூரம் தோட்டத்தில் லயத்திலிருந்து கோயிலுக்கு நடப்பது போல இல்லை.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள். கேமரன் மலையில் தானா ராத்தா 1,440 மீட்டர்தான். அதைவிட உயரமான ஓர் இடத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல், இதயத் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது என்பது இதனால்தான். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள், ஒரு புளிப்பு மிட்டாய் கொடுங்கள். உள்ளே காற்று மிக வறண்டிருக்கும், தண்ணீர் குடிக்க வேண்டும். கழிவறைக்கு எழுந்து போக வெட்கப்பட்டு நம் அம்மாக்கள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். நடைபாதை ஓரத்தில் உட்காருகிறவர் நீங்களாக இருந்தால் எழுந்து வழிவிடுவது சுலபம்.

தேதியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் டிக்கெட்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வேறு யாராவது இதைப் படித்தால் உதவும். பின்னிரவு 12.20க்கு விமானம், தேதி 15 என்றிருந்தால், 14ஆம் தேதி மாலையே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். கடையில் ஒரு குடும்பம் 15ஆம் தேதி சாயந்திரம் வந்து, பெட்டியெல்லாம் கட்டி, வேன் வாசலில் நிற்க, "இருக்கை எண் மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டது. விமானம் போய்ப் பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த அம்மா மடியில் ஒரு மைலோ டின், ஊரில் உள்ள தம்பிக்கு. அதைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வேறு இடத்தில் வாங்கிய டிக்கெட். வாங்கியபோது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இப்போது என்னிடம் வரும் பின்னிரவு டிக்கெட் எல்லாவற்றிலும் சிவப்பு மையில் "முதல் நாள் ராத்திரி" என்று எழுதித்தான் கொடுக்கிறேன்.

பினாங்கு பற்றிக் கேட்டீர்கள். பினாங்கிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,365 கிலோமீட்டர். கோலாலம்பூரைவிட 265 கிலோமீட்டர் குறைவு. நமக்கோ கோலகங்சார், தைப்பிங் வழியாக வடக்கே போனால் பாயான் லெப்பாஸ் நிலையம் இரண்டு மணி நேரத்துக்குள். 2024 டிசம்பரில் இண்டிகோ அங்கிருந்து சென்னைக்கு நேரடி விமானம் விட்டபோது பேராக்கின் வடபகுதியில் இருக்கும் நமக்கு அது நல்ல சேதி. காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கம் போகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு வேண்டாம். சென்னையிலிருந்து திருச்சிக்கு இன்னும் 330 கிலோமீட்டர் தரைவழி, ஐந்தாறு மணி நேரம். இங்கே மிச்சம் பிடித்ததை அங்கே அம்மாவின் முதுகு கொடுக்க வேண்டிவரும்.

கடைசியாக அம்மாவின் கேள்வி. இதைத்தான் நான் முதலில் படித்தேன்.

பார்க்கலாம், தங்கச்சி. சிப்பாங்கிலிருந்து திருச்சிக்கு நான் சொன்ன அந்த நூலை வரைபடத்தில் இழுத்துப் பாருங்கள். மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்திராவின் வடமுனையில் ஆச்சேக்கு மேலே போய், நிக்கோபார்த் தீவுகளை வலப்பக்கம் விட்டு, வங்கக் கடலைக் கடந்து, தமிழ்க் கரையை வேதாரண்யம், கோடியக்கரை அருகே தொடும். அங்கிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டரில் நாகப்பட்டினம். விமானம் மேற்கே பார்த்துப் போவதால் வடக்கு என்பது வலப்பக்கம். ஆகவே அம்மாவுக்கு வலப்பக்கச் சன்னல் வேண்டும். ஏர்பஸ் 320இல் ஏ, பி, சி இடப்பக்கம், டி, இ, எஃப் வலப்பக்கம். எஃப் எழுத்து இருக்கையை இப்போதே பதிந்துவிடுங்கள். இறக்கைக்கு முன்னாலோ நன்றாகப் பின்னாலோ பாருங்கள், இறக்கையின் மேல் உட்கார்ந்தால் கீழே மறைத்துவிடும்.

இரவு விமானம் என்பதால் கடல் தெரியாது, வெறும் கறுப்புதான். மூன்று மணி நேரம் அப்படியே இருக்கும், அதற்குள் அவரைத் தூங்கவிடுங்கள். இறங்கப்போகிறோம் என்று விமானி சொன்னதும் எழுப்புங்கள். சன்னல் கண்ணாடியில் உள் விளக்கு அடிக்கும். உங்கள் சால்வையை அவர் தலைக்கு மேல் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் வெளியே தெரியும். முதலில் கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாய் மீன்பிடிப் படகு விளக்குகள். பிறகு கறுப்பு முடிந்து விளக்குகள் கோடாகத் தொடங்கும் இடம் கரை. அன்றைய தடம் கொஞ்சம் வடக்கே தெற்கே மாறலாம். வானம் தெளிவாக இருந்தால், வலப்பக்கம் கரையோரமாக முதலில் கொத்தாகத் தெரிவது வேளாங்கண்ணி. அதற்கு அந்தப் பக்கம், கொஞ்சம் பெரிய வெளிச்சம், நாகப்பட்டினம்.

ஐந்து நிமிடம்கூட இருக்காது. படம் எடுக்க போனைத் தேடாமல் அம்மாவின் பக்கத்தில் இருங்கள்.